இருநூற்றுப் பன்னிரண்டாம் இலக்க மேலங்கி

நண்பனே,

சென்ற சனிக்கிழமை ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். வாடகைக்கு எடுத்த மண்டபம். முதல்நாள் அங்கே வேறு யாரோ ஆடிக் குடித்திருக்கிறார்கள். ஓமப் புகை கூரைவரை நிறைந்த பிறகும், தரைவிரிப்பில் ஊறிய பியரின் புளித்த வாடை கீழிருந்து வந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டு மறந்துபோனார்கள். எனக்கு அது பழகிய வாடை. அதற்குள் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் மேலங்கிகளை வாங்கித் தொங்கவிட்டு, இலக்கத் தகடு கொடுக்கும் பொறுப்பைப் பெண்ணின் சித்தி ஏற்றிருந்தார். சாப்பிட்டு முடித்துப் புறப்பட வந்தபோது, சட்டைப் பையில் கைக்கு அகப்பட்ட தகட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கட இல்லை அண்ணை. எங்களிட்டை நூறு வரைக்கும்தான் கிடக்கு. இது இருநூற்றிப் பன்னிரண்டெல்லே." பிறகு சிரித்தார். "எந்த ஊர்க் கலியாணத்திலை கோட்டைக் குடுத்திட்டு வந்தனீங்கள்?"

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மற்றப் பையில் இருந்த சரியான தகட்டைக் கொடுத்தேன். அவர் கறுப்புக் கம்பளி மேலங்கி ஒன்றை எடுத்துத் தந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் இலக்க மேலங்கி அதுதான் என்பது அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, மொழிபெயர்ப்பாளர் எனக்கு முன்னால் நின்றார். ஜெர்மனியில், டோர்ட்முண்டில், காவல்துறை, குடிவரவு, ஆஸ்பத்திரி என்று எல்லா இடங்களிலும் எங்களுக்காகப் பேசிய அதே மனிதர்தான். இப்போது மிசிசாகாவில் ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார். வந்திறங்குகிறவர்களின் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறார். கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. அவர் என்னை உன் பெயரால் உரக்க அழைத்தார். இந்நகரத்தில் எல்லோரும் என்னை உன் பெயரால்தான் அழைக்கிறார்கள். அதனாலேயே இந்த மடலில் உன்னைப் பெயர் சொல்லி அழைக்க என்னால் முடியவில்லை.

"ஆளைக் காணக் கிடைக்குதில்லை அண்ணை. சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கிறன்."

"என்ர ஒஃபிசுக்கு உங்கட பேருக்கு ஒரு கடிதம் வந்தது. மட்டக்களப்பிலை இருந்து." உள்பையில் இருந்து ஒரு நீல உறையை எடுத்தார். உறை ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது. "உங்கட மகள்."

எனக்கு மகள் இல்லை. நான் மணம் செய்யாதவன் என்பது அவருக்குத் தெரியும்.

"அவன்ரை மகள்," என்றேன்.

"மெல்லமாக் கதையுங்கோ. பேப்பரின்படி உங்கட மகள்தானே? இங்கை இருந்து போன ஆரோ சொல்லியிருக்கினம், அப்பா ரொறன்ரோவிலை இருக்கிறார் எண்டு. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பேசாமல் ஸ்பொன்சருக்கு எழுதுவம். பிள்ளை வந்து சேரட்டும். அவனுக்கும் ஆத்மா சாந்தியடையும்."

"எயார்போட்டிலை வந்து இறங்கி என்னை ஆர் எண்டு கேட்பாள்?"

"அதை வந்தாப் பிறகு விளங்கப்படுத்தலாம்," என்றார். "முதலிலை வரட்டுமன்."

அவர் அதைக் கபடத்தோடு சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு நல்லது செய்கிற குரலில் சொன்னார். இதே குரலை நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவருடைய கழுத்துப்பட்டியை ஒரு கையால் பிடித்து, அந்தத் தலையைக் கண்ணாடிக் கதவில் மோத எனக்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று அமைதியாகக் கணக்கிட்டேன். பிறகு உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

உன் மகள் ஒரு பக்கம்தான் எழுதியிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி வாசித்தேன். "அப்பா, நீங்க உயிரோட இரிக்கீங்க எண்டு கேள்விப்பட்ட நாளில இருந்து எனக்கு உங்களில கோபம். நாலு வருசமா ஒரு வரி எழுதல்ல. செத்துப்போயிருந்தா மன்னிச்சிருப்பன்." கடைசியில் தன் முகவரி. வேறொன்றும் இல்லை, எதையும் அவள் கேட்கவில்லை.

உன் பெயரில் நான் உயிரோடிருப்பதால், அவளைக் கைவிட்டவனாக நீ நிற்கிறாய். அவள் மன்னித்திருக்கக்கூடிய ஒரே காரியத்தைத்தான் நீ செய்திருக்கிறாய். அது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

*

டோர்ட்முண்ட் அகதிகள் விடுதியின் மூன்றாம் மாடியில், எண்பத்து மூன்றாம் ஆண்டின் கடைசியில், ஒரு தோல்பையுடன் நீ என் அறைக்கு வந்தாய். நான் இரண்டு ஆண்டு முந்தி வந்தவன். பொருளியல் பட்டதாரி, திணைக்களமொன்றில் உதவிப் பணிப்பாளராக இருந்தவன், ஜெர்மன் மொழியை நூல்நிலையத்தில் இருந்து இலக்கணமாகப் படித்தவன். நீ மட்டக்களப்பான், கொழும்பில் ஒரு சினிமாத் தியேட்டரின் மனேஜர். இருவருக்கும் வயது நாற்பத்தாறு. முதல் நாளே என் கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, கதவுக்கு வழிவிட்டாய்.

"வழியில கட்டில் போட்டு வைக்கிறதா? நெருப்புப் பிடிச்சா எப்பிடி ஓடுவாய்?"

"மூண்டாம் மாடியிலை இருந்து எங்கை ஓடுறது?"

"அதுக்குத்தான் மச்சான் இப்பவே யோசிக்கோணும். உங்கட யாழ்ப்பாணத்தாக்கள் நெருப்புப் பிடிச்சாலும் முதல்ல மனு எழுதுவீங்க."

ஆடிக் கலவரத்தில் உன் தியேட்டர் எரிந்த கதையை நீ ஒரே ஒரு முறைதான் சொன்னாய். பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முன்வாசலுக்குக் கூட்டம் பெற்றோலுடன் வந்துவிட்டது. நீ படத்தை நிறுத்தவில்லை. இருட்டில் நான்கு பக்கக் கதவுகளையும் திறந்து, பின்வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாகத் தோளைத் தொட்டு எழுப்பி வெளியே அனுப்பினாய். "படத்த நிப்பாட்டினாச் சனம் எழும்பும். ஒண்டா எழும்பினா மிதிக்கும். படம் ஓட ஓட வெளிய எடுக்கோணும்," என்றாய். கடைசி வரிசை வெளியேறியபோது திரையின் கீழ்ப்பகுதியில் நெருப்பு ஏறிவிட்டது. படத்தில் வந்தவர்கள் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தார்களாம். உள்ளே ஒருவரும் சாகவில்லை. வெளியே, தெருவில், உன் படம் ஓட்டுபவரைக் கூட்டம் வெட்டியது. அதை நீ ஒரு வசனத்தில் சொல்லி நிறுத்திவிட்டாய்.

விடுதியில் எல்லோரும் ஞாயிறுகளில் படுத்துக் கிடந்தார்கள். நீ என்னை இழுத்துக்கொண்டு அந்த நகரத்தின் கேளிக்கை இடங்களைப் பார்வையிடப் போனாய். உள்ளே போவதற்கு எங்களிடம் வசதி இல்லை. நீ அதற்காகப் போகவும் இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சினிமா, சூதாட்ட இயந்திரங்கள் மினுங்கும் நீண்ட கூடங்கள், பியர் மண்டபங்கள், மரப்பந்து உருட்டும் நிலவறைகள், புதிதாகத் திறந்த டிஸ்கோக்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நடந்து, பின்பக்கம் போய், கதவுகளை எண்ணுவாய். "இதுக்கு ஆறு. நல்ல மனேஜர்." "இதுக்கு ரெண்டு, அதில ஒண்டுக்கு முன்னால பீப்பாய் அடுக்கிக் கிடக்கு. இவனைக் கம்பி எண்ண வைக்கோணும்." கூட்டம் உள்ளே வரும்போது சண்டை வராது, கலையும்போதுதான் வரும் என்று நீ எனக்குச் சொல்லித்தந்தாய். நான் பொருளியலைத் தவிர எல்லாவற்றையும் உன்னிடம்தான் படித்தேன்.

டிஸ்கோ வாசல்களில் துருக்கியரைத் திருப்பி அனுப்புவதை அங்கேதான் பார்த்தோம். உருக்காலையில் அந்த நகரத்தின் இரும்பை உருக்கியவர்கள் அவர்கள். தலை வாரி, மணம் பூசி, நல்ல சட்டையுடன் வருவார்கள். வாசலில் நிற்பவன் சிரித்த முகத்துடன், இன்றைக்கு உள்ளே தனிப்பட்ட குடும்ப விழா என்பான். அடுத்து வருகிற வெள்ளைக்காரன் கேள்வியில்லாமல் உள்ளே போவான். இரண்டாம் கிழமையும் அதே வசனத்தை நான் உனக்கு மொழிபெயர்த்தபோது, "கிழமைக் கிழமை ஆருக்கு மச்சான் கலியாணம்?" என்று கேட்டாய்.

*

என்னிடம் வேலை செய்யும் உரிமை எழுதிய அட்டை இருந்தது. எனக்குப் பின் வந்த உனக்கும் மற்றவர்களுக்கும் அது கிடையாது. விடுதியில் பாதிப் பேர் அட்டைகளைப் பங்கிட்டுத்தான் வேலை செய்தார்கள். அதிகாரிகளின் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகம் என்பதில் எங்களுக்கு அத்தனை நம்பிக்கை. நான் ஒரு டிஸ்கோவில் காலையில் தரை கழுவினேன். மேலங்கிகளை வாங்கி வைக்க ஒரு ஆள் தேவை என்று முதலாளி என்னிடம் கேட்டான். குடிகாரர்களின் மேலங்கிகளைத் தாங்கி நிற்பதற்கு நான் பல்கலைக்கழகம் போகவில்லை என்று உன்னிடம் வந்து சொன்னேன். தரை கழுவும்போது யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் வேறுபாடு.

"உன்ட அட்டைய எனக்குத் தா. நான் போறன்."

"பிடிபட்டால்?"

"மீசை ஒரே மீசை. உன்னப்போல ஒரு கண்ணாடியும் போட்டா உன்ட கொம்மாவுக்கே அடையாளம் தெரியாது. யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் தன்ட பேரை இனாமாத் தந்தான் எண்டு ஊரில சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க, போ."

தடித்த கறுப்புச் சட்டமிட்ட, பவர் இல்லாத கண்ணாடி ஒன்றைப் பழைய பொருள் சந்தையில் வாங்கினாய். என் பெயரில் வேலைக்குப் போனாய். அந்தக் கட்டடத்தில் காலையில் நான் நானாக இருந்தேன். பின்னேரத்தில் நீ நானாக இருந்தாய்.

அந்நகரத்தின் இரவு வாழ்க்கை எனக்குக் காலையில்தான் தெரியும். திங்கட்கிழமை விளக்கைப் போட்டால், கறுப்புச் சுவர்களில் கைகளின் தடம் வழுக்கி இறங்கியிருக்கும். கழிப்பறைக் கண்ணாடியில் நெற்றியின் உயரத்தில் நட்சத்திர வெடிப்பு. நான் கூட்டி அள்ளிய கண்ணாடித் தூளுக்குள் ஒருமுறை முழுப் பல் ஒன்று வேரோடு இருந்தது. பின்கதவுக்குப் போகும் ஒடுங்கிய நடையில்தான் இரத்தம் கூடுதலாக இருக்கும். குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். சுடுநீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நடையில் ஏன் அவ்வளவு இரத்தம் என்று நீதான் கண்டுபிடித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் மூன்று முதல் ஏழு வரை நடனம். உள்ளே வந்தவர்கள் பின்கதவைத் திறந்து நண்பர்களைக் களவாக ஏற்றுகிறார்கள் என்று முதலாளி அந்தக் கதவுக்குச் சங்கிலி போட்டு, பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்திருந்தான். வாசல்காரர்கள் பிடிக்காதவனை வெளியே எறிய அந்த நடையால் இழுத்துப் போவார்கள். கதவு திறக்காது. திறக்காத கதவின் முன்னால் அவனை வைத்து அடிப்பார்கள்.

நீ முதலாளியிடம் போய்ச் சொன்னாய். மொழி போதாமல், விரல்களால் நெருப்பையும் ஓட்டத்தையும் காட்டினாய். அவன் உன் தோளில் தட்டிவிட்டுப் போனான். அடுத்த கிழமை, அவன் மேசையில் வைத்துவிட்டுப் போன சாவியைச் சவர்க்காரக் கட்டியில் அழுத்தி, சந்தையில் கொடுத்து ஒரு பிரதி செய்வித்தாய். மேலங்கி மேசைக்குக் கீழே ஓர் ஆணியில் அதைத் தொங்கவிட்டாய். "தியேட்டர்ல திறப்பு மனேஜரிட்ட இரிக்கோணும்," என்றாய். நான் உன்னைப் பைத்தியம் என்று பேசினேன். "பைத்தியம்தான். உன்ட பேரில இரிக்கிற பைத்தியம்," என்று சிரித்தாய்.

*

எண்பத்தைந்தாம் ஆண்டு, தை மாதத்து ஞாயிறு ஒன்று. வேலைத்தலங்களில் அட்டை பரிசோதிக்கிறார்கள் என்று விடுதியில் கதை வந்தது. அட்டை என்னிடம் இருந்தது. ஐந்து மணிக்கு முன் கொண்டுவந்து, ஊழியர் கதவால் நுழைந்து, உன் கையில் தந்தேன். நீ அதைச் சட்டைப் பையில் வைத்தாய். வெளியே பனி கொட்டியதால் சற்று நின்று போகச் சொன்னாய். மேலங்கிகளின் ஈரக் கம்பளி வாடைக்குள், வரிசைகளுக்கு நடுவில், ஒரு பெட்டியில் உட்கார்ந்தேன்.

அன்று முன்வாசலில் நின்றவன் புதியவன். ஓர் இளம் துருக்கியனை உள்ளே விட்டுவிட்டான். பழைய வாசல்காரன் ஐந்து மணிக்கு வேலைக்கு வந்து, ஆட்டத் தளத்தில் அவனைக் கண்டான். இன்னொருவனும் சேர்ந்து, தலைமயிரில் பிடித்து நடைக்கு இழுத்து வந்தார்கள். உன் மேசையைக் கடந்தபோது அந்த இளைஞனின் கையில் இருந்து தகடு விழுந்து உருண்டது. நீ குனிந்து எடுத்தாய்.

அடிக்கும் ஓசை பாட்டுக்கு மேலால் கேட்டது. சதையில் விழும் அடிக்கும் எலும்பில் விழும் அடிக்கும் ஓசை வேறு. நீ அந்தத் தகட்டை என் உள்ளங்கையில் வைத்து மூடினாய்.

"மச்சான், இருநூத்திப் பன்ரெண்டு. கோட்ட எடுத்துக்கொண்டு வா. வெளிய பனி, அவன் விறைச்சுப்போவான்."

ஆணியில் இருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடைக்குள் போனாய். எனக்கு நீ சொன்ன கடைசி வசனம் அது. ஒரு வேலை சொன்னாய். நான் கொளுக்கியில் இருந்து மேலங்கியை எடுத்தேன். அதைக் கையில் ஏந்திக்கொண்டு, மற்ற மேலங்கிகளுக்கு நடுவில் நின்றேன். அங்கிருந்து நடை முழுவதும் தெரிந்தது. அங்கிருந்து நான் அசையவில்லை.

நீ அவர்களுக்கு நடுவால், சினிமாத் தியேட்டரில் இருக்கை தேடிப் போகிறவனைப் போல, உடம்பை ஒடுக்கி, மன்னிப்புக் கேட்டபடி போனாய். பூட்டைத் திறந்தாய். சங்கிலி விழுந்தது. கதவைத் தள்ளி, கீழே கிடந்தவனைச் சட்டையில் பிடித்துப் பனிக்குள் எறிந்து, தமிழில் "ஓடு" என்றாய். அவன் ஓடினான். பிறகு திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து, நான் உனக்குக் கற்றுத் தந்த ஜெர்மனில், படம் முடிந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றாய்.

பழையவன் சங்கிலியை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது, பவர் இல்லாத அந்தக் கண்ணாடியில். நீ முழந்தாளில் விழுந்த பிறகு மூன்றாவது, தலையின் பின்புறத்தில். அதற்குப் பின் மற்றவன் காலால் உதைத்தான். அதை நான் எண்ணவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்டத் தளத்தில் ஒருவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

அவர்கள் முதலாளியை அழைக்கப் போனார்கள். நான் வெளியே வந்தேன். உன் ஒரு கண் திறந்திருந்தது. அது என்னைப் பார்த்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குக் குளிரும் என்று அந்தச் சமயத்திலும் தோன்றியிருக்கிறது. கையில் இருந்த மேலங்கியை அணிந்தேன். உன்னைத் தாண்டிக் கால் வைத்தேன். நீ திறந்த கதவால் அன்று இரண்டு பேர் தப்பினோம்.

*

உன் சட்டைப் பையில் என் அட்டை இருந்தது. ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கட்டிலின் கால்மாட்டில் எழுதித் தொங்கவிட்டார்கள். நான்கு நாட்கள் கிடந்தாய். பியர்ப் பெட்டியுடன் நிலவறைப் படியில் தவறி விழுந்தான் என்று முதலாளி சொன்னது காவல்துறையின் தாளில் ஏறியது. கண்டவர் யாரும் இல்லை என்றும் ஏறியது. நான் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லிக்கொண்டு வார்ட்டின் கதவோரம் நின்றேன்.

இரண்டாம் நாள் மொழிபெயர்ப்பாளர் வந்தார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அழவும் செய்தார். பிறகு அந்த நல்ல குரலில் பேசினார்.

"அண்ணை, நீங்கள் கண்டது எண்டு சொன்னால், நீங்கள் ஆர் எண்டு கேட்பாங்கள். உங்கட அட்டை அங்கை படுத்துக் கிடக்கு. அடுத்த நாள் விடுதி முழுக்கச் செக்கிங். எத்தினை பேர் அட்டை மாத்தி வேலை செய்யினம் எண்டு உங்களுக்குத் தெரியாதே? அம்பது குடும்பத்துக்குச் சோறு இல்லாமல் போகும். அவன் எழும்பப் போறதில்லை. டொக்டர் என்னட்டைச் சொல்லிப்போட்டார்."

"அப்ப அவனை அடிச்சவங்கள்?"

"அதைக் கடவுள் பாப்பார்."

நான் வாயை மூடினேன். விடுதியில் இருந்தவர்களுக்காக மூடினேன் என்று ஓராண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் படித்தவன், நல்ல காரணங்களைக் கட்டியெழுப்பத் தெரிந்தவன். மேலங்கிகளுக்கு நடுவில் நின்றபோது எந்த விடுதியைப் பற்றியும் நான் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை நீ இறந்தாய். என் பெயரில் எரித்தார்கள். ஏழு பேர் வந்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் என் அண்ணனுக்குச் செய்தி போய், அவர் கீரிமலைக் கடற்கரையில் எனக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தார். பிறகு கைக்கடிதம் ஒன்று கொடுத்தனுப்பி, நான் உயிரோடிருக்கிறேன் என்று அவருக்கு எழுதினேன். "செய்த கிரியையைத் திருப்பிச் செய்ய வழியில்லை. நீ இருக்கிற இடத்தில் இரு" என்று பதில் வந்தது. மட்டக்களப்புக்கு ஒரு செய்தியும் போகவில்லை. அங்கே செய்தி போக வேண்டுமென்றால் நீ இறந்திருக்க வேண்டும்; நீ இறக்கவில்லையே.

உன் தோல்பையில் உன் கடவுச்சீட்டு இருந்தது. உன்னை நானாகக் காட்டிய அதே மீசை, கண்ணாடியைக் கழற்றியதும் என்னை நீயாகக் காட்டியது. எண்பத்தாறில் உன் பெயரில் இங்கே வந்திறங்கினேன். குடிவரவு அதிகாரி உன் தியேட்டரைப் பற்றிக் கேட்டார். நான்கு கதவுகளையும் நீ திறந்த கதையை, நான் செய்ததாகச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. உன் வீரத்தைச் சொல்லித்தான் இந்த நாட்டில் எனக்கு இடம் கிடைத்தது.

இன்னும் ஒன்றை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிறன்று ட்ராமில் ஏறி உட்கார்ந்ததும் மேலங்கியின் உள்பையில் கைவைத்தேன். உருக்காலையின் சாப்பாட்டு அட்டை ஒன்று இருந்தது. அதில் அந்த இளைஞனின் படம், பெயர்; பின்பக்கத்தில் அவன் தன் கையால் எழுதிய முகவரி. என்னைத் தவிர, நடைக்குள் அடித்தவர்களையும் கதவைத் திறந்த உன்னையும் கண்ட ஒரே சாட்சி. அவனுக்கு அட்டை பறிபோகும் பயம் இல்லை. உரிமையோடு வேலை செய்தவன். விடுதியில் இருந்து அரை மணி நேர நடை. அந்தக் கதவைத் தட்டியிருந்தால், என் பெயர் வெளியே வராமலே உண்மை வெளியே வந்திருக்கலாம். கண்டவர் யாரும் இல்லை என்று காவல்துறை எழுதியபோது, கண்டவனின் பெயர் என் நெஞ்சுக்கு மேலே உள்பையில் இருந்தது. மொழிபெயர்ப்பாளரிடம்கூட நான் அதைக் காட்டவில்லை. நான்கு குளிர்காலம் அதை அணிந்து திரிந்தேன். நல்ல கம்பளி.

*

திங்கட்கிழமை மிசிசாகாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஸ்பொன்சர் படிவத்தை இண்டைக்கே நிரப்புவமோ அண்ணை?"

"நிரப்ப வேண்டாம். டோர்ட்முண்டிலை நடந்ததை எழுதி வழக்கறிஞரிட்டைக் குடுக்கப்போறன். உங்கட பேரும் அதிலை வரும்."

"உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அந்தப் பிள்ளையையும் கூப்பிட ஏலாமல் போகும். அதை யோசிச்சனீங்களே?"

"யோசிச்சனான்."

"அண்ணைக்குப் பைத்தியம்."

"ஓம்," என்றேன். "அவன்ரை பேரிலை இருக்கிற பைத்தியம்."

அவர் சொன்னதை நான் உண்மையாகவே யோசித்தேன். இரண்டு இரவுகள் யோசித்தேன். உன் மகளை இங்கே எடுப்பதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறேன். பார்ப்பதாகச் சொன்னார், நம்பிக்கை தரவில்லை. ஆனால் தன் தகப்பன் தன்னை மறந்தவன் என்ற கோபத்தோடு அவளை விமானம் ஏற்றி, வந்திறங்கிய இடத்தில் அவனுடைய சாவைச் சொல்ல என்னால் முடியாது. அவளுக்கு நேற்று எழுதினேன். பதினொரு பக்கம். நான் மேலங்கிகளுக்கு நடுவில் நின்றதை விடவில்லை. அப்பா எழுதாமல் இருந்தது ஏனென்றால் அவர் இறந்துவிட்டார், இன்னொருவனுக்குக் கதவு திறந்ததால் இறந்தார் என்று எழுதினேன். அவள் தன் கோபத்தை இனி என் பக்கம் திருப்பட்டும். அதற்கு உரியவன் நான்.

இன்று காலை மேலங்கியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். உள்பையில் சாப்பாட்டு அட்டையும், ஜெர்மனில் எழுதிய ஒரு கடிதமும். அவன் அதே முகவரியில் இருக்கிறானோ தெரியாது. சங்கிலி வீசியவனின் பெயரும் அதில் இருக்கிறது. அவனுடைய சம்பளத் தாளை அலுவலக மேசையில் வாரந்தோறும் தூசு தட்டியவன் நான், மறக்கவில்லை. அவன் இப்போதும் ஏதோ ஒரு வாசலில் நின்று, உள்ளே குடும்ப விழா என்று சொல்லிக்கொண்டிருப்பான். ஒருநாள் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களுக்கு என் வாக்குமூலத்தின் ஒவ்வொரு வரியும் பயன்பட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். மூன்று அடி. தோள், கண்ணாடி, பின்தலை.

தபாலகத்தில் சுங்கப் படிவம் தந்தார்கள். பொருள் என்ற இடத்தில், பாவித்த மேலங்கி, உரியவருக்குத் திருப்புகிறேன் என்று எழுதினேன். அனுப்புகிறவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். நான்கு ஆண்டுகளாக எழுதாத கை. எழுத்து ஒரு பிள்ளையின் எழுத்தைப் போல வந்தது. மேசைக்குப் பின்னால் நின்ற பெண் பெட்டியையும் என்னையும் பார்த்தாள். மேலங்கியை அனுப்புவதற்கு நல்ல நாள் பார்த்தீர்கள் என்றாள். வெளியே பனி கொட்டியது.

மெல்லிய சட்டையோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். இதைத்தான் நீ அன்று எனக்குச் சொன்னாய். கோட்டை எடுத்துக்கொண்டு வா என்றாய். நடையின் நீளம் பன்னிரண்டு அடி. எனக்கு நான்கு வருடம் எடுத்தது.

தகட்டை நான் பெட்டியில் வைக்கவில்லை. உன் வேலையின் முறை எனக்குத் தெரியும்: மேலங்கி உரியவனிடம் போனால், தகடு மேசையில் நிற்பவனிடம் திரும்ப வேண்டும். மேசையில் நின்றவன் நீ. உன்னிடம் ஒப்படைக்கும்வரை அது என் சட்டைப் பையில் இருக்கும். மறந்துபோய் இன்னொரு மண்டபத்தில் அதை நீட்டினேனென்றால், யாராவது, எந்த ஊர்க் கலியாணம் என்று மறுபடியும் கேட்கட்டும். இனிமேல் சொல்வேன்.